நல்ல தண்ணி

கொக்குவில், ஒழுங்கை முடிவில் பச்சைக் கேற்.
போத்தல் எண் பதினேழு.
வாளியைத் தொடாமல், கயிற்றைத் தொடாமல்
நெருப்புக் காட்டிய சங்கிலியில் கட்டி
இறக்குகிறேன்.
கிணற்றுப் படியில் ஒரு தவளை
என் வேலையை மதிக்காமல்.

"எங்கட கிணத்தையும் சோதிக்கிறியளோ?"
புவனலோஜினி அக்கா சிரிக்கிறா.
"இந்த ஒழுங்கையே இங்கதான் குடிக்க அள்ளுது.
போன வருச வெயிலுக்கும் வத்தேல்லை.
குழியும் அப்பிடித்தான்,
வீடு கட்டிப் பன்னிரண்டு வருசம்,
ஒருக்காலும் நிரம்பேல்லை.
பவுசருக்கு ஒரு சதம் குடுக்கேல்லை."

வற்றாத கிணறு, நிரம்பாத குழி.
இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னா,
பிள்ளைகள் இருவரும்
மூன்று ஏ எடுத்ததைச் சொல்வதுபோல.

அளவுநாடாவை விரித்தேன்.
குழிமூடியிலிருந்து கிணற்றுக்கட்டு
முப்பத்தொரு அடி.
மதிலுக்கு அங்கால் மாணவர் விடுதியின் குழி
இருபத்தாறு.
பின்வளவில் புது மாடிவீடு,
அதன் குழி எங்கே என்றால்
"அதுக்கு மேலதான் கார் நிக்குது."

ஒருகாலம் ஆறு பரப்பு, ஒரு வீடு.
இப்போது ஏழு உறுதி.
ஏழிலும் எழுதியிருக்கிறது
கிணற்றிலும் வழிவாய்க்காலிலும்
பங்கும் உரித்தும் உண்டென்று.
குழியில் பங்கை
எந்த நொத்தாரிசும் எழுதவில்லை.
கீழே சுண்ணாம்புக்கல்,
பாணைப் பிய்த்ததுபோல் பொந்து பொந்தாய்.
மேலே நாங்கள் கட்டிய மதில்கள்
அதற்குத் தெரியாது.

நாற்பத்துநான்கு பாகையில் ஓர் இரவு.
காலையில் வடிதாள் நிறைய
மஞ்சள் புள்ளிகள்.
நூற்றிநாற்பதுவரை எண்ணினேன்.
பிறகு ஒன்றின் தோளில் ஒன்று.
எண்ணமுடியாது என்று எழுத
ஒரு குறி இருக்கிறது, அதைப் போட்டேன்.

தண்ணீருக்கு இங்கே எத்தனை பெயர்!
சவர், உவர், கயர்,
பருப்பு அவியாத தண்ணி,
சவுக்காரம் நுரைக்காத தண்ணி,
கேத்திலின் அடியில் கல்லுக் கட்டுகிற தண்ணி.
இதிலொன்றும் இல்லையென்றால்
நல்ல தண்ணி.
பதினேழில் நிறமில்லை, மணமில்லை.
போத்தலைக் கட்டிய அன்று
அவ தந்த செம்பில் நானும் குடித்தேன்,
இனித்தது.
இதற்கு நாக்கு ஒரு சொல் வைக்கவில்லை.
படிவத்தில் மட்டும் அச்சடித்திருக்கிறது:
குடிக்க உகந்ததல்ல.

படிவத்தை இரண்டுதரம் வாசித்தா.
"ஆற்றை குழி?"
"அது சொல்லாது அக்கா.
மலத்திலயிருந்து வந்ததெண்டு சொல்லும்.
ஆற்றை எண்டு சொல்லாது."
மதிலுக்கு மேலால் பார்த்தா.
விடுதிக் கொடியில்
பதினைந்து இருபது சேட்டுகள் காய்ந்தன.
"உவங்கள்தான்."

உங்கள் குழிக்கு அடி பூசினதோ என்று கேட்டேன்.
"பூசினா நிரம்பிப்போமெண்டு
மேசன் அப்பிடியே விட்ட..."
அவ்வளவோடு நிறுத்தினா.

உள்ளே தேத்தண்ணிக்கு வைத்த கேத்தில்
கொதிக்கத் தொடங்கிற்று.
இறக்கப் போன கை
நடுவில் நின்றது.
இன்னும் கொதிக்கட்டும் என்று
இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.
நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போது கேற்றைத் தட்டினான்
மூன்றாம் வீட்டுப் பையன்,
கையில் வெறும் கலன்.
அக்கா என்னைப் பார்த்தா.
நான் படிவத்தைப் பார்த்தேன்.

நான் இருப்பது திருநெல்வேலியில்,
வாடகை, மேல்மாடி.
கீழே ஐந்து அறை, ஒரு கிணறு.
குழி எங்கேயென்று
வீட்டுக்காரரைக் கேட்டதில்லை.
கழுவிக் காயவைத்த ஒரு போத்தல்
என் பையில் எப்போதும் கிடக்கிறது.
அதற்கு இன்னும் எண் போடவில்லை.
கிழமைக்குக் கிழமை
மறந்துபோகிறேன்.